துஷ்டி வீட்டில் கிடைத்த பட்டியல்: மலாவியில் ஆறு மாத ஊழியம் குறித்த நிகழ்வு ஆய்வு

வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கும் அவர்களை அனுப்பி வைக்கும் சபைகளுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். 2023 ஜூன் முதல் டிசம்பர் வரை, தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் முலாஞ்சே மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், உள்ளூர்ப் போதகர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்த மூவர் குழுவின் அனுபவம் இது. குழுவுக்குப் பொறுப்பாளன் நான். இதில் வரும் தவறான தீர்மானங்களில் பெரும்பாலானவை என்னுடையவை. போதகர், கிராமம், சபை, எங்களை அனுப்பியவர்கள் என யாருடைய பெயரையும் எழுதவில்லை. எழுதி முடித்ததும் தொலைபேசியில் போதகருக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னார். தன் தவறு ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். அப்படியே செய்திருக்கிறேன்.

பின்னணி

2023 பிப்ரவரியில் உருவான ஃப்ரெடி புயல் இந்தியப் பெருங்கடலைக் குறுக்காகக் கடந்து ஐந்து வாரத்துக்கும் மேல் ஓயாமல் அலைந்தது. மார்ச் நடுவில் தெற்கு மலாவியில் அது கொட்டிய மழையில் முலாஞ்சே மலைச்சரிவுகள் பாறையும் சேறுமாகப் பெயர்ந்து அடிவாரத்து ஊர்களை மூடின. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தது உறுதியானது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கிடைக்கவே இல்லை. ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய காலராவே அப்போதும் முழுதாக ஓயவில்லை.

எங்கள் பக்கத்துச் சபைகள் சேர்த்த காணிக்கையோடு நாங்கள் மூவர் கிளம்பினோம். நான், செவிலியராக வேலை பார்த்த ஒரு சகோதரி, வேளாண்மை படித்த ஒரு தம்பி. எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பணி இரண்டு. ஒன்று, உள்ளூர்ப் போதகருக்கு ஊழியத்தில் துணையாக இருப்பது. மற்றது, வீடும் தானியமும் இழந்த குடும்பங்களுக்கு அடுத்த விதைப்புக்கு மக்காச்சோள விதை கொடுப்பது.

வழியனுப்பு ஆராதனையில் நான் பேசியதை இங்கே பதிவு செய்ய வேண்டும். வெள்ளாளன்விளையில் பிறந்த தமிழ்ப் போதகர் வே. ச. அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் ஆற்றிய உரையைப் பற்றித்தான் பேசினேன். மேல்நாட்டு மிஷனரிகள் தங்கள் பொருளையும் உயிரையும் கொடுத்ததற்கு நன்றி சொன்ன அவர், இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அந்த அவையிலேயே கேட்டார். நம்மவர்களை உதவியாளர்களாக மட்டும் வைத்திருந்த காலத்தின் வலி அது. நாங்கள் அப்படி நடந்துகொள்ள மாட்டோம், நாங்களே அந்த வலியை அறிந்தவர்கள் என்று உறுதி சொன்னேன். மனதார நம்பித்தான் சொன்னேன்.

முதல் சில வாரங்களில் கண்டவை

போதகருக்கு அறுபதை நெருங்கும் வயது. எல்லாரும் அவரை ‘அபூசா’ என்பார்கள். போதகர், மேய்ப்பர் என்ற இரண்டு பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. அவர் மனைவி ‘மாயி பூசா’. நான்கு ஜெபவீடுகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒரு பழைய சைக்கிள். சபை கொடுப்பது போதாததால் அவரும் மற்றவர்களைப் போலவே மண்வெட்டி பிடித்து மக்காச்சோளமும் துவரையும் பயிரிட்டார். அந்தப் பகுதித் துவரை நம் நாட்டுக்குத்தான் பெருமளவில் வருகிறது என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் நாள் அவர் வீட்டில் சாப்பாடு. மக்காச்சோள மாவில் கிண்டிய களி, அங்கே ‘ந்சிமா’ என்பார்கள். கூட, ஏரியில் பிடித்துக் காயவைத்த சிறுமீன். சாப்பிடும் முன் போதகரே ஒரு செம்பில் தண்ணீரும் ஒரு பேசினும் எடுத்து வந்து, எங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து கைகளில் தண்ணீர் ஊற்றினார். வழக்கமாகப் பிள்ளைகள் செய்கிற வேலை அது என்று பிறகு தெரிந்தது. அதை விருந்தோம்பலாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இந்தியர்களை அங்கே ‘அம்வென்யே’ என்பார்கள். தெற்கு மலாவியின் வணிக நகரங்களான பிளாண்டயர், லிம்பே பக்கம் பெரிய கடைகள் பல தலைமுறைகளாக இந்தியர் கையில் இருப்பதால், அந்தச் சொல்லோடு பணமும் முதலாளித்தனமும் சேர்ந்தே மக்கள் மனதில் வரும். நாங்கள் எவ்வளவு எளிமையாக இருந்தாலும் அந்தப் பார்வையிலிருந்து தப்ப முடியாது. எங்களிடம் யாரும் ‘வேண்டாம்’ என்று நேருக்கு நேர் சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது எனக்கு அது புரியவில்லை.

அந்த நாட்களில் என் குறிப்பேட்டில் திரும்பத் திரும்ப எழுதியிருப்பது ஒன்றுதான்: போதகர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் துஷ்டி வீட்டுக்குப் போய்விடுகிறார். அங்கே மரணச் சடங்கை ‘மலிரோ’ என்கிறார்கள். ஊரில் மலிரோ என்றால் அன்று யாரும் வயலில் மண்வெட்டி போடுவதில்லை. போதகர் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். குறித்திருந்த கூட்டங்கள் தள்ளிப் போயின. இரண்டு முறை எங்களையும் அழைத்தார். வேலை இருக்கிறது என்று மறுத்துவிட்டேன். ஜூலை தொடக்கத்தில் ஊருக்கு அனுப்பிய அறிக்கையில், உள்ளூர்ப் போதகர் பக்தியுள்ளவர், ஆனால் திட்டமிடுதலில் குறைவுபட்டவர், துக்க வீடுகளில் அதிக நேரம் செலவாகிறது என்று எழுதினேன்.

ஜூலையில் எடுத்த தீர்மானம்

விதை யாருக்கு, எப்போது என்ற இரண்டு கேள்விகளில் எங்களுக்கும் போதகருக்கும் கருத்து வேறுபட்டது.

போதகர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். எழுத்தில் இல்லை. ஊர்த் தலைவரோடும் சபையின் மாதர் சங்கத்துத் தாய்மாரோடும் பேசி மனதில் வைத்திருந்தார். சபையில் இல்லாதவர்களும் அதில் இருந்தார்கள். இப்படி வாய்வழியாக வரும் பட்டியலில் வேண்டியவர்கள் பெயர் நுழைந்துவிடும் என்று நான் அஞ்சினேன். அந்த அச்சம் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நிவாரணம் பங்கிடுகிற எந்த ஊரிலும் அது நடக்கக்கூடியதே. ஆனால் அதற்கு நான் கண்ட தீர்வு தவறு. வேளாண்மை படித்த தம்பி கைப்பேசியில் ஒரு படிவம் தயாரித்தார். வீடு வீடாகப் போய் கூரை, சுவர், ஆள் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டோம். வீட்டுக்கு ஒரு குடும்பத் தலைவர் பெயர். மொழிபெயர்க்கப் பள்ளிப் பிள்ளைகள் இருவர். பத்தே நாளில் அறுபது பெயர் கொண்ட பட்டியல் தயாரானது.

அடுத்து, காலம். அங்கே மழை நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பரில்தான் பிடிக்கும். விதைப்பும் அப்போதுதான். போதகர் அக்டோபர் கடைசிக்கு முன் விதை கொடுக்க வேண்டாம் என்ற எண்ணத்தில் இருந்தார். எங்களுக்கோ செப்டம்பர் முடிவுக்குள் கணக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஜூலையிலேயே கொடுத்துவிடலாம், மக்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்றேன். பட்டியலையும் தேதியையும் அவர் முன் வைத்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “தியோனா” என்றார். பார்ப்போம் என்று பொருள். நான் மறுபடி காரணங்களைச் சொன்னேன். “சப்வினோ” என்றார். சரி என்று பொருள். சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

நம் வீடுகளில் பெரியவர்கள் ‘பார்க்கலாம்’ என்று இழுத்தால் அதற்கு என்ன பொருள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சொல்லை வாழ்நாள் முழுக்கக் கேட்டு வளர்ந்த எனக்கு, அதே சொல் வேறு மொழியில் வந்தபோது காதில் விழவில்லை. மூத்தவர் ஒருவர் மறுப்பதை நான் கேட்கத் தயாராக இல்லை என்பதே உண்மை.

ஜூலை மூன்றாம் வாரம் ஐந்து கிலோ விதைப் பொட்டலம் அறுபது குடும்பங்களுக்கும் கொடுத்தோம். போதகர் ஜெபம் செய்தார். புகைப்படம் எடுத்து அனுப்பினோம்.

விதை என்ன ஆனது

ஆகஸ்ட் நடுவில் ஒரு காலை செவிலியர் சகோதரி ஓடையருகே ஒரு பெண்ணைப் பார்த்தார். விதையில் தடவியிருக்கும் பூச்சிமருந்துச் சாயம் போவதற்காக அவர் மக்காச்சோளத்தை ஒரு தட்டில் வைத்துத் திரும்பத் திரும்ப அலசிக்கொண்டிருந்தார். தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியது. பக்கத்தில் உரல் தயாராக இருந்தது. சகோதரி அவர் கையைப் பிடித்துத் தடுத்து, எங்களிடமிருந்த மாவைக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே திரும்பி வந்தார்.

நாங்கள் மூவரும் மறுபடி வீடு வீடாகப் போனோம். அறுபது வீட்டில் முப்பத்து நான்கு வீட்டில் விதை இல்லை. சிலர் சாப்பிட்டிருந்தார்கள். சிலர் மொசாம்பிக் எல்லையிலுள்ள முலோசா சந்தையில் விற்று மாவு வாங்கியிருந்தார்கள். பசியுள்ள வீட்டில் நான்கு மாதம் விதையை வைத்துக் காக்கச் சொன்னது யாருடைய தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்னொன்று என்னை மேலும் கலங்கடித்தது. விதை வாங்கிய ஒன்பது ஆண்கள் ஊரிலேயே இல்லை. அந்தப் பகுதி தாய்வழி முறையைப் பின்பற்றுவது. நிலம் பெண்ணுக்கு. ஆண் மனைவியின் ஊருக்கு வந்து வாழ்வான். நாஞ்சில் நாட்டில் ஒருகாலத்தில் மருமக்கள்வழி இருந்ததைக் கேட்டிருப்பவர்களுக்கு இதில் ஓரளவு விளங்கும். மண்சரிவில் மனைவியை இழந்தவன் துக்க காலம் முடிந்ததும் தன் தாயின் ஊருக்குத் திரும்பிவிடுவது அங்கே வழக்கம். நாங்கள் ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தில் அவர்கள் பெயரை எழுதியிருந்தோம். மறுபக்கம், கணவனைப் புயலுக்குக் கொடுத்துவிட்டுத் தாய்வீட்டுக்குத் திரும்பிய விதவைகள், அண்ணன் தம்பி வீட்டில் ஒண்டியிருந்தார்கள். அவர்களுக்கு நிலம் இருந்தது, விதை இல்லை. அந்த வீட்டுக்குத் தகரக் கூரை இருந்ததால் எங்கள் படிவத்தில் மதிப்பெண் குறைந்து, பட்டியலிலேயே வரவில்லை.

இதையெல்லாம் போதகர் முன்பே அறிந்திருந்தார்.

குலுக்கை

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் விடியுமுன் விழித்துவிட்டேன். நாங்கள் தங்கியிருந்தது போதகர் வீட்டை ஒட்டிய அறையில். வெளியே ஒரு பெண்ணின் குரல், “ஓடீ”. உள்ளே வரலாமா என்று கேட்கும் சொல் அது. மாயி பூசா பதில் கொடுத்துக் கதவைத் திறந்தார். ஜன்னல் வழியே பார்த்தேன். முற்றத்தில், எங்கள் பக்கத்துக் குலுக்கை போல மூங்கிலில் பின்னிக் கால் நட்டு உயர்த்திக் கட்டிய தானியக் கூடு இருந்தது. போதகர் அதன் மூடியை நகர்த்தி, உள்ளே இடுப்பு வரை குனிந்து, அடியிலிருந்து மக்காச்சோளக் கதிர்களை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். மாயி பூசா அந்தப் பெண்ணின் துணியில் போட்டு முடிந்தார். யாரும் சத்தமாகப் பேசவில்லை.

ஜூன் மாதம் நாங்கள் வந்தபோது அந்தக் குலுக்கையில் கதிர் விளிம்பு வரை தெரிந்தது. கையை நீட்டினால் எடுக்கலாம். இப்போது அவர் தலைகீழாகக் குனிய வேண்டியிருந்தது. அடுத்த அறுவடை ஏப்ரலில்தான்.

அன்று பகலில் மாயி பூசாவிடம் கேட்டேன். முதலில் சொல்லத் தயங்கினார். எங்கள் பட்டியலில் விடுபட்டவர்கள் ஒரு மாதமாக வருகிறார்கள் என்றார். பகலில் வந்தால் விருந்தினர்களுக்கு வெட்கமாக இருக்கும், விடியுமுன் வாருங்கள் என்று அபூசா சொல்லியிருக்கிறார் என்றார். எங்கள் தவறை அவர் தன் பிள்ளைகளின் சாப்பாட்டைக் கொண்டு மூடிவந்திருக்கிறார். அதோடு, அது எங்கள் கண்ணில் படாமலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதே வாரம் இன்னொன்றும் தெரிந்தது. ஜூனில் ஒரு ஞாயிறு என்னைப் பிரசங்கிக்கச் சொன்னார்கள். கன்மலைமேல் கட்டிய வீடு, மணலின்மேல் கட்டிய வீடு உவமையை எடுத்தேன். பெருமழையில் வீடு அடித்துப் போன மக்கள் முன்னால், அஸ்திபாரம் சரியில்லாத வீடுதான் விழும் என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன். போதகர் வரிவரியாகச் சிச்சேவா மொழியில் சொன்னார். மக்கள் கண்ணீரோடு கேட்டார்கள். ஆராதனை முடிந்து என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். வல்லமையாகப் பேசினேன் என்று எண்ணிக்கொண்டேன். அன்று சபையில் இருந்த பள்ளி ஆசிரியை ஒருவர் ஆகஸ்டில்தான், மிகுந்த தயக்கத்தோடு, நடந்ததைச் சொன்னார். போதகர் அந்த வரியை மொழிபெயர்க்கவே இல்லை. முந்தைய இரவு நான் அவரிடம் 2004 சுனாமியின்போது குளச்சல் கரையில் நிவாரண வேலை செய்ததைச் சொல்லியிருந்தேன். அதை எடுத்துக்கொண்டு, ‘இந்தச் சகோதரர் தன் நாட்டில் கடலுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரோடு உட்கார்ந்து அழுதவர், உங்களோடும் உட்கார வந்திருக்கிறார்’ என்று சொல்லியிருக்கிறார்.

மக்கள் நன்றி சொன்னது அந்த மனிதனுக்கு. நான் அந்த மனிதனாக இருக்கவில்லை. ஒரு துஷ்டி வீட்டில்கூட நான் உட்காரவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

மூவரும் இரவு முழுக்கப் பேசினோம். பணத்தை ஒப்படைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுகூடத் தம்பி சொன்னார். செவிலியர் சகோதரிதான் அதைத் தடுத்தார். இப்போது கிளம்பினால் அந்தக் குலுக்கையை யார் நிரப்புவது என்று கேட்டார். மறுநாள் போதகரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பழைய பட்டியலைக் கிழித்துவிட்டதாகச் சொன்னேன். இனி நீங்கள் சொல்வதைச் செய்கிறோம் என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மன்னிப்பைப் பெரிதாக்கவும் இல்லை. “நாளை மலிரோ இருக்கிறது. பை வேண்டாம், நோட்டு வேண்டாம். என்னோடு வா” என்றார்.

எங்களுக்குள் நாங்கள் தீர்மானித்தவை: மீதிப் பணத்தைத் தொடுவதில்லை, ஊருக்கு நடந்ததை எழுதி, கணக்குக்குக் காலக்கெடு நீட்டிக்கக் கேட்பது, போதகர் கேட்கும்வரை நான் பிரசங்கம் செய்வதில்லை, எங்கள் மாதப் படியிலிருந்து மக்காச்சோளம் வாங்கி, யார் வாங்கியது என்று சொல்லாமல், மாயி பூசாவிடம் சேர்ப்பது. எங்களை அனுப்பியவர்கள் காலக்கெடு நீட்டிக்கத் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். முன்பே கேட்டிருந்தால் ஜூலையிலேயே கிடைத்திருக்கும். நான் கேட்கவே இல்லை.

துஷ்டி வீடுகளில் ஆறு வாரம்

செப்டம்பர் முதல் அக்டோபர் நடு வரை போதகரோடு பதினொரு மலிரோக்களுக்குப் போனேன். சிலவற்றுக்கு நடந்து, சிலவற்றுக்குக் ‘கபாசா’ எனப்படும் வாடகைச் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து. பெண்கள் வீட்டுக்குள் தரையில், இறந்தவரைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். ஆண்கள் வெளியே மர நிழலில். குழி தோண்டுகிறவர்களை ‘அட்சுகுலு’, அதாவது பேரப்பிள்ளைகள், என்பார்கள். அவர்கள் வேலை முடித்து வரும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் ஊர் தன்னைப் பற்றிப் பேசுகிறது.

போதகர் அதிகம் பேசமாட்டார். பார்ப்பார். வருகிறவர்கள் மாவோ விறகோ கொஞ்சம் காசோ கொண்டுவர வேண்டும். அந்த உதவியைச் ‘சிபெபேசோ’ என்கிறார்கள். யார் என்ன கொடுத்தார் என்று கடைசியில் எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள், நம்மூர் மொய் நோட்டு போல. நான்காவது மலிரோவில் போதகர் என் பக்கம் சாய்ந்து, மெல்ல, ஒரு வயதான பெண்ணைக் காட்டினார். “போன வருடம் தலைச்சுமையாக மாவு கொண்டுவருவார். இன்று ஒரு கட்டு விறகு. அடுத்த முறை வரமாட்டார், வெறுங்கையோடு வர வெட்கப்படுவார். அவர் வராத அன்று நான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.”

அப்போதுதான் அவருடைய பட்டியல் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த விதவை யார் வீட்டில் ஒண்டியிருக்கிறார், யார் ஊரைவிட்டுப் போகப்போகிறார் எல்லாம் அங்கே தெரிந்தது. வேலை கெடுகிறது என்று நான் அறிக்கை எழுதிய அந்த நாட்களில்தான் அவர் வேலையே நடந்தது. என் சிறுவயதில் எங்கள் ஊர் உபதேசியாரும் இப்படித்தான் இருந்தார். எந்தச் சாதி வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்திருப்பார். எந்த வீட்டில் அரிசி இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடல் கடந்து போனதும் அதை வேலையாகவே நான் மதிக்கவில்லை.

ஒரு நாள் சிராட்சுலு மாவட்டம் வழியாகப் போனோம். போதகர் சட்டைப் பையிலிருந்து மலாவி நாணயமான குவாச்சா நோட்டு ஒன்றை எடுத்து அதிலிருந்த முகத்தைக் காட்டினார். ஜான் சிலெம்ப்வே. அந்த மாவட்டத்துப் போதகர். தோட்டங்களில் தன் மக்கள் நடத்தப்பட்ட விதத்தை எதிர்த்து 1915இல் கிளர்ந்து, கொல்லப்பட்டவர். அவர் செங்கல்லால் கட்டிய ஆலயத்தையும் அன்றைய வெள்ளை அரசு வெடிவைத்துத் தகர்த்தது. நம் அசரியா எடின்பரோவில் பேசி ஐந்தே ஆண்டுகளில் நடந்தது இது. நான் அசரியாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். “நண்பர்கள் வந்தார்களா?” என்று கேட்டார். சிலர் வந்தார்கள் என்றேன். அதற்குமேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டாம் பட்டியல், நான் பேசாமல் இருந்த தவறு

அக்டோபர் கடைசியில் போதகரின் பட்டியலை ஊர் மாமரத்தடியில் உரக்க வாசித்தோம். வேண்டியவர் பெயர் நுழைந்துவிடும் என்ற என் அச்சத்தைப் போதகரிடமே மனம்விட்டுச் சொன்னபோது, அவர் சொன்ன வழி அது. ஊர் முன்னால் வாசித்தால் ஊரே திருத்தும். ஏழு பெயர்கள் மாறின. அவற்றில் ஒன்று போதகரின் உறவினர். தாய்மார் ஒருவர் எழுந்து, அவருக்கு மகன் பணம் அனுப்புகிறான் என்றார். போதகர் தலையசைத்தார், பெயர் நீக்கப்பட்டது. மீதிப் பணத்தில் நாற்பது குடும்பங்களுக்கு மக்காச்சோள விதையோடு துவரை விதையும் கொடுப்பது என்று முடிவானது. துவரை சேர வேண்டும் என்பதில் போதகர் உறுதியாக இருந்தார். மழை பொய்த்தாலும் துவரை நிற்கும் என்றார்.

விதை வாங்குவதை நவம்பர் நடுவுக்குத் தள்ளினார். தெரிந்த கடைக்காரர் விலையை ஏற்றமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஊரில் முன்கூட்டியே வைத்தால் பாதுகாப்பு இல்லை என்பதும் காரணம். ஆனால் லிம்பேக்குப் போயிருந்தபோது இந்தியக் கடைக்காரர்கள் குவாச்சாவின் மதிப்பு விழப்போகிறது, இருக்கிற காசைப் பொருளாக்கிவிடுங்கள் என்று பேசிக்கொண்டதை நான் கேட்டிருந்தேன். போதகரிடம் சொல்லவில்லை. மறுபடி என் கருத்தைத் திணிப்பதாக ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதைத் தாழ்மை என்று நினைத்தேன்.

நவம்பரில் மலாவியின் மத்திய வங்கி ஒரே நாளில் நாணய மதிப்பைக் குறைத்தது. 1,180 குவாச்சாவாக இருந்த டாலர் 1,700 ஆனது. கடைக்காரரால் வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. நாற்பது பொட்டலம் வாங்க வைத்திருந்த பணத்தில் முப்பத்தொன்றுதான் கிடைத்தது.

நான் கேட்டிருந்ததைப் போதகரிடம் சொன்னபோதுதான் அவர் முதன்முறையாக என்மேல் கோபப்பட்டார். “ஏன் சொல்லவில்லை? ஜூலையில் நீ எனக்குச் செவிகொடுக்கவில்லை. இப்போது எனக்கு உன் வாயைக் கொடுக்கவில்லை. இரண்டும் ஒன்றுதான்.” பிறகு அவர்கள் ஊர்ப் பழமொழி ஒன்றைச் சொன்னார்: முத்து உமோட்சி சுசென்சா டெங்கா. ஒற்றைத் தலை கூரையைச் சுமக்காது. புல்வேய்ந்த கூரையைக் கீழே பின்னி, பலர் தலையில் தூக்கிச் சுவர்மேல் வைப்பதை நான் பார்த்திருந்தேன்.

விலை ஏறாது என்று உறுதியாக நம்பியது தன் தவறு என்றும், விருந்தாளியிடம் ஜூலையிலேயே ‘வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்லாதது அதைவிடப் பெரிய தவறு என்றும் அவர் சொன்னார். இதைத்தான் இங்கே சேர்க்கச் சொன்னார். விடுபட்ட ஒன்பது குடும்பங்களுக்கும் துவரை விதையாவது கிடைக்கும்படி இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டோம்.

பின் நடந்தது

டிசம்பரில் நாங்கள் திரும்பினோம். அந்த ஆண்டு மழை தெற்கு மலாவியை ஏமாற்றியது. எல் நினோ வறட்சியால் 2024 மார்ச்சில் நாட்டின் 28 மாவட்டங்களில் 23இல் பேரிடர் நிலை அறிவிக்கப்பட்டது. எங்கள் விதையில் முளைத்த மக்காச்சோளம் பெரும்பாலும் கதிர் பிடிக்கும் பருவத்தில் கருகியது. சரியான பட்டியல், சரியான காலம் எல்லாம் அமைந்தும் குலுக்கைகள் நிரம்பவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன். துவரை மட்டும் பல வயல்களில் தாங்கி நின்றது என்று ஜூலையில் போதகர் குரல்பதிவு அனுப்பினார். எத்தனை குடும்பங்களுக்கு, எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் கணக்குச் சொல்லவில்லை.

மாற்ற வேண்டியவை

அடுத்து போகும் குழுவுக்காக, எங்களை அனுப்பியவர்களோடு நாங்கள் பேசி ஏற்றுக்கொண்டவை சில. முதல் இரண்டு மாதம் எந்தப் பொருளும் பங்கிடுவதில்லை. அழைக்கிற துஷ்டி வீட்டுக்கெல்லாம் போவது வேலை நாளாகவே கணக்கிடப்படும். கணக்கு முடிக்கும் தேதி விதைப்புக் காலத்தை ஒட்டி வைக்கப்படும். மூத்தவர் ஒருவர் ‘பார்ப்போம்’ என்றால், காரணத்தை அடுக்காமல், இரண்டு நாள் கழித்துத் தனியே போய் அவர் மனதில் உள்ளதைக் கேட்க வேண்டும். குழுவினர் தமக்குத் தெரிந்த எதையும் பணிவின் பெயரால் மறைக்கக் கூடாது. இந்தக் கடைசி இரண்டையும் விதியாக எழுதுவது எளிது, பழக்கமாக்குவது கடினம் என்று அறிவேன். அதனால் போதகரும் மாதம் ஒருமுறை அனுப்பியவர்களோடு நேரடியாகப் பேசுவார், குழுவைப் பற்றிய தன் கருத்தைச் சொல்வார் என்று ஏற்பாடாகியிருக்கிறது. இதுவரை எங்கள் அறிக்கை மட்டுமே அவரைப் பற்றிப் பேசியது.

அந்த ஜூலை அறிக்கை அலுவலகக் கோப்பில் இன்னும் இருக்கிறது. நீக்கிவிடக் கேட்டேன், கோப்பிலிருந்து எதையும் எடுப்பதில்லை என்றார்கள். சரிதான். அதன் பின்னால் வைக்க ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். துக்க வீடுகளில் போதகர் செலவிட்ட நாட்கள் எவை, அந்தந்த நாளில் அவர் யார் யாருடைய நிலையை அறிந்துகொண்டார், அவர்களில் எத்தனை பேர் எங்கள் முதல் பட்டியலில் விடுபட்டிருந்தார்கள் என்பதையெல்லாம், அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்லத் தேதியோடு அதில் எழுதியிருக்கிறேன்.